நாலாவது பாரா

பாளையங்கோட்டை கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் பின்கட்டில் என் மேஜை.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
தமிழில் அழுவதை இங்கிலீஷில் தட்டித் தருவேன்,
தட்டியதைத் தமிழில் வாசித்தும் காட்டுவேன்,
அதற்குக் காசில்லை.

வக்கீல் அருமைநாயகம் அனுப்பிய மனு.
மனுதாரர் பேச்சித்தாய், வயது முப்பத்தெட்டு.
நாலாவது பாரா:
'மனுதாரர் எதிர்மனுதாரரோடு
பதினொரு வருஷம் வாழ்ந்து வந்தார்.'

"அந்த ஓடு வேண்டாம் சார்" என்றாள்.
"அவியளோட வாழ்ந்தேன்னு எழுதாதீய.
ஒரு வீட்ல கெடந்தேன், அவ்வளவுதான்."

வித்.
இங்கிலீஷில் நாலே எழுத்து.
முந்தின பாராவிலும் அதுதான் நிற்கிறது:
கரண்டிக் காம்பால் அடித்தார்.
காம்பாலும் வித், கணவரோடும் வித்.
குறை சொல்ல நமக்கு வாயில்லை.
நம் மூன்றாம் வேற்றுமையும்
ஆல், ஓடு இரண்டையும்
ஒரே முளையில்தான் கட்டியிருக்கிறது.

அவள் டீ குடிக்கப் போனாள்.
கரண்டும் போனது.
முதுகில் சாக்கு வைத்துத் தைத்த அகராதி,
மூடிப்போன டுடோரியலில் எடைக்கு வாங்கியது,
அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்தினேன்.
ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷில்
வித் என்றால் எதிரே.
எதிர்த்து.
உடன் என்பதற்கு வேறொரு சொல் இருந்தது: மிட்.
பிறகு எப்போதோ,
சண்டைக்காரர்கள் மூச்சுப் படுகிற தூரத்தில்
நின்று நின்று பழகியதாலோ என்னவோ,
எதிரே நின்ற சொல் பக்கத்தில் வந்து நின்றுகொண்டது.
மிட் மெல்லச் செத்தது.

பழைய பகை முழுக்கப் போகவில்லை.
ஏழாவது பாராவில்
அவள் சம்பளத்தை உய்க்காட்டான் பிடித்து வைத்ததை
வித்ஹெல்ட் என்றுதான் தட்டியிருக்கிறேன்.
வழக்கை வாபஸ் வாங்கினால் வித்ட்ரா.
வாங்காமல் தாக்குப்பிடித்தால்
அதற்கும் வித்தில் தொடங்கி ஒரு சொல் இருக்கிறது.

அப்படியானால் பாரா சரிதான்.
ஆயிரம் வருஷம் பிந்தி வந்துவிட்டது, அவ்வளவே.

திரும்பி வந்தவளிடம் சொன்னேன்,
"இந்தச் சொல்லுக்கு அந்தக் காலத்துல
எதிர்த்துன்னுதான் அர்த்தமாம்மா."
ஒரு நிமிஷம் யோசித்தாள்.
"ஜட்ஜம்மா அந்தக் காலத்து ஆளா?"

அழித்தேன்.
'ஒரே கூரையின் கீழ்' என்று தட்டினேன்.
அண்டர்.
வாசித்துக் காட்டியதும் தலையசைத்தாள்.
"கீழன்னா சரிதான். கீழதான் இருந்தேன்."
கூரை என்ன கூரை என்று கேட்டேன்,
கேட்டிருக்க வேண்டாம்.
"சீமை ஓடு சார். நாலஞ்சு ஒடஞ்சு போச்சு.
மழைன்னா அடுப்படில சட்டி வைக்கணும்."
பாராவிலிருந்து எடுத்த ஓடு
அங்கே மேலே ஏறி உட்கார்ந்திருந்தது.

தொழில் என்ற இடம் காலியாக இருந்தது.
"முன்னீர்பள்ளம் ஆஸ்பத்திரில பிரசவம் பாக்கேன்."
மிட்வைஃப் என்று அடித்தேன்.
அடித்த பிறகுதான் விரல் நின்றது.
வைஃப் என்றால் அப்போது மனைவி இல்லை, வெறும் பெண்.
முன்னால் நிற்பது செத்துப்போன அந்த மிட்.
எனக்குத் தெரிந்து அது உயிரோடிருப்பது
இந்த ஒரு சொல்லுக்குள்தான்:
பெண்ணின் உடன் நிற்பவள்.
இதை நான் அவளிடம் சொல்லவில்லை.

போன் அடித்தது அவளுக்கு.
"வலி எப்பம் வந்துச்சு?
தண்ணி ஒடஞ்சுட்டா?
பிள்ளயத் தனியா விடாதீய, ஏட்டி,
கூடவே இரி, கூடவே இரி,
இந்தா வந்துட்டேன்."

கூடவே.
எந்த எழுத்தை வைத்துத் தட்டுவேன் அதை.

இரண்டு பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்,
மூன்றாவதை மறந்து ஓடினாள்.
நாளை அவள் மறுபடி வரவேண்டும்.
பாக்கிச் சில்லறை பத்து ரூபாய்
அகராதிக்குள் வைத்திருக்கிறேன்.